தையல்காரர் தொட்ட தலை

பாங்காக்கில் வேலை கிடைக்காமல் திரும்பி வந்த கணக்கர் ஒருவர், சைகோனின் பென் தான் சந்தைக்கு எதிரே காப்பி வண்டியின் ஓரத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் சிரிச்சாங்கம்மா. கேட்டதுக்கெல்லாம் சரின்னாங்க. கிளம்புறப்ப பழம்கூடக் குடுத்தாங்க. வேலையை மட்டும் குடுக்கல" என்றார். பேசும்போது கால்மேல் கால் போட்டிருந்தார். செருப்பின் அடிப்பாகம் என் முகத்தைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

"அங்கயும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தீங்களா?"

"எப்படி?"

அந்த "எப்படி"யைக் கேட்டதும்தான் எனக்கு யோசனை வந்தது. சியாமுக்கு, அதாவது தாய்லாந்துக்குப் போகிற நம் ஆட்களுக்கு நாம் டிக்கெட் விற்கிறோம், விசாத் தாள் நிரப்பித் தருகிறோம். அந்த ஊர் எப்படிப்பட்டது என்று ஒருவரும் சொல்லி அனுப்புவதில்லை. அப்போதே மாடியேறி முதலாளியிடம் போனேன்.

"டிக்கெட் வித்தா போதாதா? பாடம் வேற நடத்தணுமா?" என்றார்.

"டிக்கெட் வாங்கினவர் திரும்பி வந்துட்டார் முதலாளி."

"வரட்டுமே. திரும்பி வர்ற டிக்கெட்டும் நாமதானே வித்தோம்?"

ஆனாலும் ஒப்புக்கொண்டார். மதியம் சைகோன் முழுக்கக் கடைகளைச் சாத்திவிட்டுத் தூங்கும். அந்த நேரத்தில் சும்மா கிடக்கும் பின்னறை எனக்குக் கிடைத்தது.

அடுத்த வாரம் காரைக்காலிலிருந்து வந்து இந்த மேசையில் உட்காரப்போகிற உங்கள் இருவருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். பணி அனுபவம் எழுதுகிறவர்களுக்கு நரைத்த தலை வேண்டும் என்பார்கள். எனக்கு இருபத்தாறு வயது. மேசையை விட்டுப் போகிறேன் என்பதால் நானும் ஓய்வு பெற்றவள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசா விண்ணப்பம் நிரப்புவதை முதலாளி சொல்லித்தருவார். அது அரைநாள் வேலை. நான் சொல்லப்போவது வேறு.

எனக்குத் தாய்லாந்து மொழி எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அப்பா பாங்காக்கில் ஒரு மரக் கம்பெனியில் எழுத்தராக இருந்தார். நான் அங்கேதான் பல் விழுந்து முளைத்தேன். அதனால் பாடத்தை வெகு உற்சாகமாக ஆரம்பித்தேன். நம் ஆட்களுக்கு எது இனிக்கும் என்று தெரியும். அவர்களுடைய பழைய தலைநகருக்கு அயோத்தி என்றுதான் பெயர். அவர்கள் வாயில் அது அயுத்தயா. பர்மியர்கள் அதை எரித்த பிறகு ஆற்றோடு கீழே இறங்கி வந்து பாங்காக்கைக் கட்டினார்கள். ஒரு பக்கம் பர்மாவில் ஆங்கிலேயர், மறுபக்கம் இங்கே பிரெஞ்சுக்காரர். நடுவில் ஓரங்களை இழந்தாலும் நாட்டை யாருக்கும் கொடுக்காமல் காப்பாற்றிக்கொண்டார்கள். நம்மைப் போலப் பிறகு வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. எழுத்து கம்போடியாவின் கெமர்களிடமிருந்து போனது. கெமர்களுக்கு அது பல்லவர் காலத்தில் கடல் தாண்டி வந்தது. இதைச் சொன்னதும் வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். "அப்ப நம்ம ஆளுங்கதான்" என்று யாராவது சொல்வார்கள்.

அந்த வார்த்தையைக் கேட்டால் ஜாக்கிரதையாக இருங்கள். நம்ம ஆளுங்கதான் என்று நினைத்தவர்கள்தான் அதிகமாகத் தடுக்கி விழுகிறார்கள்.

அந்தோணிசாமி அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். நம் அலுவலகத்துக்குக் கீழே இருந்த துணிக்கடையில் அவர் தையல்காரர். காரைக்கால்காரர், ராணுவத்துக்குச் சட்டை தைக்க வந்தவர், இங்கேயே லான் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். ஐம்பது வயது, குள்ளமான உருவம், கழுத்தில் எப்போதும் அளவு நாடா. வெளிநாட்டுக்காரர்கள் இந்த இந்த வியாபாரம் செய்யக்கூடாது என்று கெடுபிடி வந்த பிறகு, தட்டுத்தடுமாறி ஓடிய கடையைக் கடை முதலாளி மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். கடை போனால் அண்ணனின் தங்கும் அனுமதியும் போகும். அவர் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர், ஊருக்குத் திரும்பலாம். லானுக்கு இந்தியா போகத் தாள் கிடைக்கவில்லை. ஆக, அனுமதி முடிந்தால் அவர் காரைக்காலில், அவள் சைகோனில்.

ஒரே ஒரு வழி திறந்திருந்தது. பாங்காக்கில் தையல்கடை வைத்திருந்த மாலி என்ற அம்மாள் துணி வெட்டத் தெரிந்த ஆள் தேடினார். பெயருக்கு மல்லிகை என்று பொருள். மரியாதையாகக் குன் மாலி என்று கூப்பிட வேண்டும். வேலை கொடுத்தால் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். தம்பியோடு சைகோனுக்கு வருகிறார்; தம்பிக்கு ஒரு கோட்டு தைக்கச் சொல்லி வேலையைப் பார்ப்பார்; பிறகு முடிவு சொல்வார். அவ்வளவுதான் ஏற்பாடு.

அண்ணனும் லானும் மதிய வகுப்புக்கு வந்தார்கள். தாய்லாந்து மொழியில் ஒரே சொல்லை ஐந்து விதமாக ஏற்றி இறக்கிச் சொன்னால் ஐந்து பொருள். வியட்நாம்காரியான லானுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அண்ணன் எல்லாவற்றையும் ஒரே சுருதியில் காரைக்கால் பாணியில் சொன்னார்.

"கணவனைப் பீ என்று கூப்பிடுவார்கள். பீ என்றால் மூத்தவர், அண்ணன்" என்று நான் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, பொண்டாட்டி அண்ணான்னு கூப்பிடுற ஊரு ஒண்ணு போதாதா? அன் ஓய், அன் ஓய்னு இவ கூப்பிடுறப்பல்லாம் எங்கம்மா கேட்டிருந்தா செத்திருக்கும். இப்ப அங்கயுமா?"

"உங்க ஊர்ல மாமான்னு கூப்பிடுறாங்க. அது மட்டும் நல்லாவா இருக்கு?" என்றாள் லான், அவரிடமே கற்ற தமிழில்.

எல்லாம் சொன்னேன். செருப்பை வெளியே விடுவது. காலை யார் பக்கமும் நீட்டாதது. அரசர் தலை பொறித்த காசு கீழே விழுந்து உருண்டால் காலால் மிதித்து நிறுத்தாதது. துறவியைப் பெண் தொடாதது. ஆண்பிள்ளை கொஞ்ச நாளாவது துறவியாக இருந்துவிட்டு வருவது. மூத்தவர், இளையவர் என்ற வரிசை அங்கே எவ்வளவு முக்கியம் என்பதை இரண்டு முறை சொன்னேன். இளையவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும். மூத்தவர் முந்திக்கொண்டு கும்பிட்டால் இளையவருக்குச் சங்கடம்; ஆகாதது என்றுகூட நினைப்பார்கள். தலை உடம்பிலேயே உயர்ந்த இடம், அடுத்தவர் தலையைத் தொடக்கூடாது என்பதையும் சொன்னேன். அண்ணன் அழகாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

கடைசியாக, கிரெங் சாய். அடுத்தவர் மனம் நோகுமே, அவருக்குத் தொந்தரவாகுமே என்று சுருங்கிக்கொள்ளும் குணம். அதனால் அவர்கள் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "மை பென் ராய்" என்பார்கள். பரவாயில்லை என்று அர்த்தம். உண்மையிலேயே பரவாயில்லாதபோதும் அதையே சொல்வார்கள்.

குன் மாலி வந்தது ஒரு மதியம். கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. தம்பிக்கு வீட்டுப் பெயர் லெக். சின்னவன் என்று பொருள். சின்னவன் கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து உள்ளே வந்தான். இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பான். நெளிந்து நெளிந்து நின்றான். இளையவனானதால் முதலில் அவனே அண்ணனுக்குக் கைகூப்பினான். அண்ணன் கற்றுக்கொண்டபடி அளவாக ஏற்றுக்கொண்டார். லான் எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பாடம் நடத்தியவளுக்கு அதுவரை மகிழ்ச்சிதான்.

அண்ணன் அளவெடுக்க ஆரம்பித்தார். மார்பு, இடுப்பு, கை நீளம். முதுகளவுக்கு வந்தபோது லெக் கூன் போட்டு நின்றான். "நேரா நில்லுங்க" என்று தமிழில் சொல்லிப் பார்த்தார். நான் தாய்லாந்து மொழியில் சொன்னேன். பையன் நிமிர்ந்தான், மறுபடியும் தொய்ந்தான். அண்ணனுக்கு எட்டவில்லை. உயர அலமாரியில் துணி எடுக்க வைத்திருந்த முக்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினார். ஒரு கையை அவன் உச்சந்தலையில் வைத்து, மறு கையால் முகவாயைப் பிடித்து, மேசை விளக்கைத் திருப்புவது போலத் தலையைத் திருப்பி நேராக நிறுத்தினார்.

லெக்கின் காது இரண்டும் சிவந்தன. அவன் அசையவில்லை. அக்காவைப் பார்த்தான்.

குன் மாலி சிரித்தபடியே இருந்தார். "மை பென் ராய்" என்றார்.

"பாத்தீங்களா, பரவாயில்லன்னுட்டாங்க" என்று அண்ணன் முக்காலியின் மேலிருந்தே என்னிடம் சொன்னார். நாடா அவர் பல்லில் இருந்தது.

சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் தரையில் இருந்த கைப்பையைக் குன் மாலி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எலுமிச்சைத் தண்ணீரைக் குடிக்கவில்லை. முதலில் கவனித்தவள் லான். "அன் ஓய்" என்றாள் மெல்ல. "தலை."

அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. முக்காலியிலிருந்து இறங்கிய வேகத்தைப் பார்த்தால் நேராகக் காலில் விழப்போகிறார் என்று தெரிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நீங்கள் மொழிபெயர்ப்பாளர். என்ன செய்வீர்கள்? அவர் சார்பாக நான் பெரிதாக மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நம் வழக்கம் அதுதான். தப்பு நடந்தால் காரணம் சொல்வோம், இன்னொரு காரணம் சொல்வோம், கேட்பவர் போதும் என்கிற வரை சொல்வோம். அங்கே அப்படிச் செய்தால், பையனுக்கு நேர்ந்த அவமானத்தைப் பறையடித்து அறிவித்ததாகும். சும்மா இருந்துவிடலாம் என்றால், பையை மடியில் எடுத்து வைத்தவர் அடுத்ததாக எழுந்துவிடுவார்.

நான் செய்தது இதுதான். நான் துணியைப் பற்றிப் பேசுகிற குரலில் தமிழில் பேசினேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. குரல் மட்டும்தான் கேட்கும்.

"அண்ணே, கோட்டுக்கு வைக்கிற அந்த உள்துணியை எடுத்துக் கையில வச்சுக்குங்க. அதைத் தடவிக்கிட்டே பேசுங்க."

எடுத்துக்கொண்டார். "தங்கச்சி, கால்ல விழுந்துடவா?"

"வேண்டாம். துணியைப் பாருங்க."

"அது தலைன்னே எனக்குத் தோணல புள்ள. சத்தியமா. எனக்கு அது தலை இல்ல, அளவு. பட்டாளத்துல மேஜர் தலையவே திருப்பி நிறுத்தியிருக்கேன்."

"தெரியும். உள்துணி சாம்பல் நிறம் நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி தலையாட்டுங்க."

ஆட்டினார். "கும்பிட்டு மன்னிப்புக் கேக்குறேன்."

"நீங்க மூத்தவர். அவனைக் கும்பிட்டா இன்னும் கூசிப்போவான்."

"நீதான் அதயும் சொன்ன. அப்ப நான் என்னதான் செய்யுறது? தொட்டதுக்கு மன்னிப்பும் கேக்கணும், கேக்கவும் கூடாதா?"

நான் சொல்லிக்கொடுத்த இரண்டு விதிகள் எதிரெதிரே முட்டிக்கொண்டு நின்றன. குன் மாலி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் லெக்கின் சட்டைக் காலருக்குள் ஒரு சங்கிலி என் கண்ணில் பட்டது. தாய்லாந்து ஆண்களில் பலர் கழுத்தில் சின்னப் புத்தர் உரு ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். தாயத்து மாதிரி, ஆனால் தாயத்தைவிட மரியாதை அதிகம்.

"அண்ணே, கழுத்துல சங்கிலி தெரியுதா?"

"தெரியுது. காலர் அளவுக்கு அது இடைஞ்சல்."

"அதுல புத்தர் இருக்கார். பையனைக் கும்பிட வேண்டாம். அவரைக் கும்பிடுங்க. அவருக்கு மூத்தவர் யாரும் இல்ல. கும்பிட்டுட்டு, கோ தோட் சொல்லுங்க. மன்னிக்கணும்னு அர்த்தம். அப்புறம் காலர் அளவெடுக்கணும்னு கழுத்தைக் காட்டுங்க."

அண்ணன் துணியைத் தடவுவதை நிறுத்தினார். "நான் வேதக்காரன்மா."

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அந்த ஆள் ஒரு ஞாயிறுகூடப் பூசையை விட்டதில்லை. தையல் மூலையில் அலமாரியின் உச்சியில் மாதா சுரூபம் வைத்து, தினமும் முதல் துணியை வெட்டுமுன் சிலுவை போட்டுக்கொள்பவர். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

லான்தான் சொன்னாள், அவளும் துணி பேசுகிற குரலில்: "நான் பகோடாவுக்குப் போறேன். உங்க மாதாவுக்குப் பூ வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோவிலுக்கும் போறேன். எந்தச் சாமியும் என்கிட்ட கோவிச்சுக்கல. நீங்க காரைக்கால் போனா நான் யாருக்குப் பூ வைக்கிறது?"

அவர் அலமாரி உச்சியை ஒரு முறை பார்த்தார். பிறகு லெக்கின் முன்னால் போய், அவன் முகத்தைப் பார்க்காமல், நெஞ்சில் சங்கிலி இறங்கும் இடத்தைப் பார்த்துக் கைகளைக் கூப்பினார். கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே யாரிடம் என்ன சொன்னார் என்று நான் இதுவரை கேட்கவில்லை. நீங்களும் இப்படிப்பட்டதைக் கேட்காதீர்கள்.

"கோ தோட்" என்றார். சுருதி சுத்தமாகத் தப்பு.

லெக் சிரித்துவிட்டான். அது முதலில் பார்த்த சிரிப்பு இல்லை. பிறகு அவனாகவே இரண்டு கையாலும் சங்கிலியைத் தலைக்கு மேலாகக் கழற்றி, நெற்றியில் ஒற்றி, அக்காவிடம் நீட்டினான். குன் மாலி எழுந்து இரண்டு கையாலும் வாங்கினார். புத்தரை எங்கே வைப்பது? நாற்காலியில் வைக்க முடியாது, மேசையில் கத்தரிக்கோல் கிடந்தது. உயரமான இடம் தேடி அவர் கண் சுற்றியது. அண்ணன் அலமாரி உச்சியைக் காட்டினார். புத்தர் போய் மாதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அண்ணன் முக்காலியைக் கையால் தூக்கி ஓரமாக வைத்தார். நாடாவை எடுத்துக்கொண்டு பையன் முன்னால் நின்றார். அவ்வளவு நேரம் நெளிந்துகொண்டிருந்தவன் காலைச் சேர்த்து நேராக நின்று, தலையை மட்டும் குனிந்து, நாடா எட்டுகிற உயரத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தான்.

மீதி அளவுகள் சத்தமில்லாமல் முடிந்தன. குன் மாலி எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்தார். போகும்போது, சொல்லி அனுப்புகிறேன் என்றார். சிரித்தார்.

"இது எந்தச் சிரிப்பு?" என்று லான் கேட்டாள்.

"தெரியல."

"ஆமாவா, இல்லையா?"

"கேட்கக்கூடாது. கேட்டா ஆமான்னுதான் சொல்லுவாங்க. அதுக்கு அர்த்தமே இருக்காது."

"நல்ல பாடம் நடத்துன போ" என்றார் அண்ணன். அன்றிரவே உட்கார்ந்து கோட்டை வெட்டிவிட்டார். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லாமல், ஊரடங்குக்கு முன் வீட்டுக்குப் போவதும் காலையில் வந்து கோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். கடை முதலாளி அலமாரிகளை விலை பேச ஆள் கூட்டிவந்தார். வந்தவர் தையல் மூலையையும் அளந்து பார்த்துவிட்டுப் போனார்.

குன் மாலி வரவில்லை. கோட்டைப் போட்டுப் பார்க்க லெக் மட்டும் தனியாக வந்தான். நிலையில் குனிந்து நுழைந்தான், கைகூப்பினான், யாரும் சொல்லாமலே சங்கிலியைக் கழற்றி மாதா பக்கத்தில் வைத்தான். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தான். பிறகு, ஏதோ மறந்துபோனது நினைவுக்கு வந்தவன் போல, அக்கா ஒரு விஷயம் கேட்கச் சொன்னதாக என்னிடம் சொன்னான்: பாங்காக்கில் அவர்கள் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. கொஞ்சம் சின்னது. சன்னல் தெருவைப் பார்த்தது. இரண்டு பேருக்குப் போதுமா?

நான் மொழிபெயர்த்தேன். லான் உள்ளே போய்விட்டாள். அண்ணன் கோட்டின் தோளில் இல்லாத நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "போதும்னு சொல்லு" என்றார். "நாங்க குள்ளந்தான்னு சொல்லு."

கையெழுத்துப் போட வந்த அன்று குன் மாலியிடம் துணிந்து கேட்டேன், எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்று. புத்தரைக் கும்பிட்டதைச் சொல்வார், நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு: "என் தம்பி இதுவரை எந்தத் தையல்காரரிடமும் நேராக நின்றதில்லை. எத்தனை கோட்டு வீணாகியிருக்கிறது தெரியுமா? இவரிடம் நின்றான்."

தம்பிகளே, அண்ணன் வகுப்பில் தூங்கவில்லை. தலையைத் தொடக்கூடாது என்பதை நன்றாகக் கேட்டுத்தான் தலையாட்டினார். விருந்துக்குப் போனால், தெருவில் நடந்தால், பஸ்ஸில் ஏறினால் தொட்டிருக்கவே மாட்டார். நாடா கைக்கு வந்ததும் கேட்டது மறந்துவிட்டது. அந்தக் கை முப்பது வருடமாக வேறு பாடம் படித்த கை. அதனால் இப்போது நான் அயோத்தியிலிருந்து ஆரம்பிப்பதில்லை. வருகிறவரிடம் முதல் கேள்வி, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், செய்து காட்டுங்கள். கை எங்கே போகிறது, கால் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, அந்த இடத்தில் பாடத்தை வைக்கிறேன். அரசர்களும் பல்லவர்களும் அடுத்த நாள் வருவார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை.

அடுத்த மாதம் நானும் பாங்காக் போகிறேன். இங்கிருந்து அனுப்பியவர்கள் அங்கே எங்கெல்லாம் தடுக்குகிறார்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசை. அதற்குமுன் ஒரே ஓர் ஆள் பாக்கி. சந்தைக்குப் பின்னால் சலூன் வைத்திருக்கும் நம்மவர் ஒருவர், அங்கே ஒரு கடையில் நாற்காலி கிடைத்திருக்கிறது என்கிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் தொடுவது தலை மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் கோ தோட் சொல்ல வேண்டுமா, ஒரு முறை சொன்னால் போதுமா, கத்தி கழுத்தில் இருக்கும்போது சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. செய்து பார்த்தால்தான் தெரியும். திங்கட்கிழமை மதியம், பின்னறையில், அவருடைய கத்தரிக்கோலோடு ஆரம்பிக்கிறேன். உங்களில் யாராவது ஒருவருடைய தலை தேவைப்படும். ஊரில் முடி வெட்டிக்கொள்ளாமல் வாருங்கள்.